சாவியும் பரிவட்டமும்: கோத்தகிரிச் சரிவில் ஒரு குடியிருப்பு பரம்பரைத் தலைமையை விட்டுத் தேர்தலுக்கு வந்த நிகழ்வு

பின்னணி

கோத்தகிரியிலிருந்து இறங்கும் ஒரு சரிவில், இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியோர் வாழும் 118 தலைக்கட்டுக் குடியிருப்பு ஒன்றில் 2017 முதல் 2022 வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஊர்ப்பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். நான் அந்த ஊர்க்காரன் அல்லன். பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். ஊரில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள் என்பதால் இரண்டு தரப்பாரும் என்னிடம் வந்து பேசினார்கள். பிறகு விதிகளை எழுதவும் ஓட்டுகளை எண்ணவும் என்னையே அழைத்தார்கள். ஆகவே வெளியில் நின்று பார்த்தவனின் குறிப்பாக இதைப் படிக்க வேண்டாம். இதில் சொல்லப்படும் பிழைகளில் சில என்னுடையவை.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தக் குடும்பங்கள் எழுபதுகளில் மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தன. சிலருக்கு 1968-இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. மற்றவர்கள் தனியார் தோட்டங்களில் கொழுந்து எடுத்தும் மலைக்காய்கறி நிலங்களில் கூலிக்குப் போயும் பிழைத்துப் பின்னர் இந்தச் சரிவில் மனை வாங்கினார்கள். தனித்தனி வீடுகளாகிவிட்ட பிறகும் வரிசைகளை இன்றைக்கும் 'லயம்' என்றே சொல்கிறார்கள்.

அவர்களோடு வந்தவர்களில் ஒருவர், கண்டிப் பக்கத் தோட்டமொன்றில் பெரிய கங்காணியாக இருந்தவரின் மகன். ஊரில் ஆள் கட்டி, முன்பணம் கொடுத்து அழைத்துப்போய், துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்று தலைக்காசு வாங்கியவர்கள் பெரிய கங்காணிமார். கடனோடு ஆளைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை 1921-இல் ஒழிக்கப்பட்ட பிறகு அவர்களுடைய பிடி தளர்ந்தது. ஆனாலும் பட்டம் குடும்பத்தில் தங்கிவிட்டது, கடலையும் தாண்டி வந்தது. புது இடத்தில் மாரியம்மனுக்குத் தகரக் கூரை போட்டு முதலில் பூட்டுப் போட்டவர் அந்த மகன்தான். சாவி அவரிடம் இருந்தது. அவருக்குப் பின் அவர் மகனிடம் வந்தது. இந்தக் குறிப்பில் 'பெரியவர்' என்று வருபவர் இந்த இரண்டாமவர்.

கவனித்தவை

வெளியிலிருந்து பார்த்தால் இது ஒரு கோயில் தலைமை. உள்ளே போனால் நான்கு வேறு வேறு பொறுப்புகள் ஒரே ஆள்மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. கோயில் சாவி அவரிடம். தலைக்கட்டு வரியும் கணக்கும் அவரிடம். புருஷன் பெண்சாதிச் சண்டை முதல் வேலித் தகராறு வரை பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்பவர் அவர். திருவிழாவில் முதல் பரிவட்டமும் அவருக்கே. ஊராரின் அதிருப்தி இந்த நான்கின்மேலும் ஒரே அளவில் இல்லை என்பதை நாங்கள் வெகு தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம். அவருடைய தீர்ப்புகளைப் பற்றிக் குறை சொன்னவர்கள் மிகக் குறைவு. பரிவட்டத்தைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லை. குறையெல்லாம் கணக்கைப் பற்றியது.

2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்த மழையில், கோயிலுக்குக் கீழே இருந்த தடுப்புச்சுவர் பாதி சரிந்தது. வீட்டுக்கு வீடு பணம் வசூலானது. சுவர் அரைகுறையாக எழும்பி நின்றுவிட்டது. செலவு விவரம் ஒருபோதும் வாசிக்கப்படவில்லை. அந்த நோட்டை நான் பிறகு கையில் வாங்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறையில் சுற்றப்பட்ட இருநூறு பக்க நோட்டு. மலை ஈரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நீல மை பரவிப் பாதி எழுத்து மறைந்திருந்தது. 2010-க்குப் பிறகு வரவுக் கலத்தில் மட்டுமே எழுத்து, செலவுக் கலம் வெறுமை. பெரியவர் கையாடல் செய்தார் என்று நான் நம்பவில்லை. சிமெண்டு விலை ஏறியதால் தன் கைப்பணத்தையும் போட்டு, அதைக் கேட்க வெட்கப்பட்டு எழுதாமல் விட்டிருக்கிறார் என்பதே என் ஊகம். ஆனால் கணக்கு எழுதாதவரைக் காப்பாற்ற அந்த ஊகம் போதாது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. விதவைகளின் வீடுகளும் ஆண் இல்லாத வீடுகளும் 'அரை வரி' வீடுகள். பாதி வரி வாங்குவது சலுகைதான். ஆனால் அரை வரி வீட்டுக்கு ஊர்க்கூட்டத்தில் பேச்சுரிமை இல்லை என்பது அந்தச் சலுகையோடு சேர்ந்தே வந்த வழக்கம்.

2017 சித்திரைத் திருவிழாவில், உடல்நலம் குன்றியிருந்த பெரியவர் தனக்கு வந்த பரிவட்டத்தை எடுத்துப் பேரனின் தலையில் கட்டச் சொன்னார். பேரனுக்கு அப்போது 24 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. வருடத்துக்கு இரண்டு நடை வந்து போகிறவர். பம்பைச் சத்தத்தில் அப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுவாரம் பேச்சு தொடங்கியது. பேரன் பிறகு என்னிடம் தனியாகச் சொன்னது இது: "சார், எனக்கே இது வேணாம். தாத்தா மூஞ்சியப் பாத்து வேணாம்னு சொல்லத்தான் முடியல."

முதல் முயற்சி

மாற்றம் கேட்டவர்கள் பெரும்பாலும் முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள்: கல்லூரி முடித்தவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டு சனிக்கிழமை ஊருக்கு வருகிறவர்கள். அவர்களுடைய முதல் துண்டறிக்கையின் தலைப்பு 'மன்னராட்சி ஒழிக' என்பது. உள்ளே இருந்த வாதம் நியாயமானது. இந்தியாவே 1950 ஜனவரி 26 வரை சட்டப்படி ஆறாம் ஜார்ஜ் மன்னரைத் தலைவராகக் கொண்டிருந்து, அன்றோடு அதை விட்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவருக்கு வந்தது. நாம் விட்டுவந்த இலங்கையும் 1972 மே 22 அன்று இங்கிலாந்து அரசியை விட்டுக் குடியரசாயிற்று. தமிழ்நாட்டில் கர்ணம், மணியம் என்று குடும்பம் குடும்பமாக வந்த கிராமப் பதவிகளையே 1980 நவம்பரில் அரசு ஒழித்துவிட்டது. கோயில் சாவி மட்டும் ஏன் ஒரு வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வாதத்தை யாரும் படிக்கவில்லை. தலைப்பை எல்லோரும் படித்தார்கள். தகர வீட்டில் இருந்துகொண்டு மூட்டுவலித் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் எழுபது வயதுக்காரரை மன்னர் என்று அச்சடித்தது, அவரைப் பிடிக்காதவர்களுக்கே கொஞ்சம் உறுத்தியது.

ஆனாலும் வீடு வீடாகப் போனதில் பலன் இருந்தது. 2017 ஐப்பசியிலிருந்து தை வரை, மழை விட்ட மாலைகளில் இரண்டிரண்டு பேராகப் போய் உட்கார்ந்து பேசினார்கள். 118 வீடுகளில் 81 வீடுகள் தலைமையை மாற்றலாம் என்று சொன்னதாக அவர்களுடைய பட்டியல் காட்டியது. அந்த நம்பிக்கையில் 2018 பிப்ரவரியில் ஊர்க்கூட்டம் கேட்டார்கள். பெரியவரும் மறுக்காமல் கூட்டினார்.

அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். இளைஞர்களில் மூத்தவர் எழுந்து, "மொதல்ல மாத்தலாம்னு முடிவு பண்ணுவோம், எப்படிங்கறதப் பொறவு பேசிக்கலாம்" என்றார். பெரியவரின் மைத்துனர் ஒருவர் இருந்தார். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரல் உயர்த்தாமல் பேசுவார். அவர் சொன்னார்: "சரிப்பா தம்பி. மாத்திருவோம். எப்படி மாத்துவீங்கன்னு இப்பவே சொல்லிடுங்க, கேட்டுக்கறோம்."

அடுத்த சில நிமிடங்களில் மாற்றம் கேட்டவர்கள் பக்கத்திலிருந்தே மூன்று பதில்கள் வந்தன. 2011-இல் பேரூராட்சித் தலைவரை நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது போல எல்லோரும் போடலாம் என்றார் ஒருவர். தலைக்கட்டுக்கு ஒரு ஓட்டு என்றார் இன்னொருவர். லயத்துக்கு ஒருவரை அனுப்பி, அந்த ஏழு பேர் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கட்டும், குடியரசுத் தலைவரையே நாம் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லையே என்றார் மூன்றாமவர். சலசலப்பை அடக்க, மூன்றாவது முறையை வைத்தே கை தூக்கச் சொல்லலாம் என்று கூட்டத்தில் முடிவாயிற்று. அப்போது நான் பேசாமல் இருந்தேன். பேசியிருக்க வேண்டும்.

வேண்டும் என்று 47 கைகள், வேண்டாம் என்று 62. வேண்டாம் என்று தூக்கியவர்களில் பெரியவரின் சொந்தக்காரர்கள் இருபதுக்குமேல் இருக்க மாட்டார்கள். மிச்சப் பேர் மாற்றத்தை விரும்பியவர்கள். இந்த முறையை விரும்பாதவர்கள். லயம் என்பது பெரும்பாலும் சொந்தபந்தமாகச் சேர்ந்து குடியிருக்கும் வரிசை. லயத்துக்கு ஒருவர் என்றால் எந்தக் கூட்டத்துக்கு எத்தனை பேர் என்பது தேர்தலுக்கு முன்பே எண்ணிமுடிந்த கணக்காகிவிடும் என்று அவர்கள் பயந்தார்கள். பயத்தில் நியாயம் இருந்தது.

தோல்வியை எப்படிப் படித்தோம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளி வராந்தாவில் கூடியபோது இளைஞர்கள் ஊரார்மேல் கோபமாக இருந்தார்கள். "ஆமான்னு சொல்லிட்டு வந்து கையத் தூக்கலையே சார், பயந்தாங்கொள்ளிங்க" என்றார் ஒருவர். அவர்களுக்கு நான் ஆஸ்திரேலியாவின் 1999 நவம்பர் 6 பொதுவாக்கெடுப்பை விளக்கினேன். இங்கிலாந்து அரசியை விட்டுவிட்டு நாட்டுக்குச் சொந்தமாக ஒரு தலைவர் வேண்டுமா என்பதுதான் அடிப்படைக் கேள்வி. 1991-இலிருந்து அதற்கென ஓர் இயக்கமே வேலை செய்தது. ஆனால் வாக்குச்சீட்டில் இருந்த முறையில், தலைவரை மக்கள் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் ஒப்புதலோடு நியமிப்பார்கள். குடியரசை விரும்பியவர்களில் நேரடித் தேர்தல் கேட்டவர்கள் ஒரு பகுதியாகப் பிரிந்து போய், முடியாட்சியை விரும்பியவர்களோடு சேர்ந்து 'வேண்டாம்' என்று போட்டார்கள். ஆதரவு 45.13 விழுக்காட்டில் நின்றது. ஆறு மாநிலங்களில் ஒன்றுகூட ஆதரிக்கவில்லை.

"அப்ப நம்ம ஊர்ல நடந்ததும் அதேதான்" என்றார் கோபமாக இருந்தவர். அதேதான் என்று சொல்லிவிட முடியாது. ஒரு கண்டத்தையும் ஒரு சரிவையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஆனால் 81 வீடுகளின் 'ஆம்' ஒரே ஆம் அல்ல, மூன்று வகையான ஆம் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. வீடு வீடாகப் போனவர்கள் 'மாற்றலாமா' என்று மட்டும் கேட்டிருந்தார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அந்த ஆண்டின் மீதி மாதங்கள் இரண்டு பக்க விதி எழுதுவதில் போயின. முதல் முடிவு எளிதானது: 'மன்னராட்சி' என்ற சொல்லை இனி யாரும் எழுதுவதும் பேசுவதும் இல்லை. ஆளைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி, நோட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். 'ஒவ்வொரு ஆடி முதல் ஞாயிறும் வரவு செலவு வாசிக்கப்படும்' என்ற ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடியும் வீடு வீடாகப் போனார்கள். அதற்கு மறுப்பே இல்லை. பெரியவரின் வீட்டிலும் இல்லை.

இந்த இடத்தில் உத்திரமேரூர் வந்தது. குடவோலை முறையை நம் ஊர்ப் பழந்தேர்தல் என்று எடுத்துக்காட்டி, பானையில் ஓலை போட வேண்டும் என்று இரண்டு பேர் பிடிவாதம் பிடித்தார்கள். பத்தாம் நூற்றாண்டின் அந்தப் பராந்தக சோழன் கல்வெட்டு சொல்வது வாக்களிப்பை அல்ல, குலுக்கலை. அதில் பெயர் எழுதப்படவே சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது எனத் தகுதிகள் உண்டு. அது எல்லோருக்குமான சபையும் அல்ல என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. பெருமையில் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அதே கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினர்களும் குடத்தில் பெயர் போடத் தகுதியற்றவர்கள் என்று இருப்பதை எடுத்து எங்கள் விதியில் பாதியாகச் சேர்த்தோம்: கணக்கு வாசிக்காமல் பதவி முடித்தவர் அடுத்த முறை நிற்கக் கூடாது. உறவினரை விட்டுவிட்டோம். அந்த ஊரில் உறவினர் இல்லாதவர் யார்?

நேரடித் தேர்தலா, லயப் பிரதிநிதிகளா என்பதைத் தீர்க்க, ஒவ்வொரு வீட்டிலும் மூன்று முறைகளையும் சொல்லி, 'இதில் எதை ஒருக்காலும் ஏற்க மாட்டீர்கள்' என்று கேட்கச் செய்தோம். 'எது பிடிக்கும்' என்று கேட்டபோது மூன்றாகச் சிதறியவர்கள், 'எது ஆகவே ஆகாது' என்று கேட்டபோது பெரும்பாலும் லய முறையைச் சொன்னார்கள். எல்லா முயற்சிகளிலும் எனக்குத் திருப்தி தந்த ஒரே கேள்வி இதுதான்.

யாருக்கு ஓட்டு என்பதில்தான் இழுபறி. 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் என்றால் ஆள் பலம் உள்ள வீடுகள் ஊரை வாங்கிவிடும் என்று சிறு குடும்பங்கள் அஞ்சின. தலைக்கட்டுக்கு ஒன்று என்றால் பெண்கள் வெளியே நிற்பார்கள். கடைசியில் வீட்டுக்கு இரண்டு ஓட்டு, ஒன்று கட்டாயம் பெண்ணுடையது, ஒருவரே வாழும் வீட்டுக்கு ஒன்று என்று சமரசம் ஆயிற்று. அரை வரி வீட்டுக்கும் முழு ஓட்டு. அரை வரி அப்படியே இருக்கட்டும், பேச்சு முழுசாக இருக்கட்டும் என்று இதை முன்மொழிந்தவர், ஆச்சரியமாக, அந்தக் கணக்கப்பிள்ளை மைத்துனர்.

பெரியவர் குடும்பம் போட்டியிடலாமா என்ற கேள்விக்கு இளைஞர்களில் பலர் கூடாது என்றார்கள். பல்கேரியாவில் சிறுவயதில் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்ட மன்னர் இரண்டாம் சிமியோன், 2001-இல் கட்சி தொடங்கித் தேர்தலில் வென்று பிரதமராக வந்ததையும், அதனால் அந்த நாடு மறுபடி முடியரசு ஆகிவிடவில்லை என்பதையும் சொன்னேன். தடுத்து வைத்தால் அந்த வீடு எப்போதும் ஒரு மனக்குறையாக நிற்கும். நிற்க விட்டால் ஒரு வேட்பாளராக நிற்கும். நிற்கட்டும் என்று முடிவாயிற்று.

பரிவட்டத்தைத் தனியே பிரித்தோம். சாவி, கணக்கு, பஞ்சாயத்து மூன்றும் தேர்ந்தெடுக்கப்படும் தலைவருக்கு. முதல் மரியாதை பெரியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கே. நேபாளத்தில் 2008 மே 28 அன்று அரசியல் நிர்ணய சபை முடியாட்சியை நீக்கியபோது, மன்னர் அடுத்த மாதம் அரண்மனையை விட்டு வெளியேறினார். ஆனால் நாட்டை விட்டுத் துரத்தப்படவில்லை, அங்கேயே குடிமகனாக இருந்தார் என்பதை இளைஞர்களே படித்துவிட்டு வந்து சொன்னார்கள். இந்தப் பிரிப்பு இல்லாமல் பெரியவர் சம்மதித்திருக்க மாட்டார் என்பது நிச்சயம். இரண்டு பக்க விதி 2018 மார்கழிக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, நான்கு கைகள் மட்டும் எதிர்க்க, ஏற்கப்பட்டது.

வாக்குப்பதிவு

2019 ஜனவரியில், பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு. காலை ஒன்பது வரை பனி விலகவில்லை. கம்பளியும் குல்லாயுமாக வந்தவர்கள் பள்ளிச் சுவரோரம் வெயில் வரும் பக்கமாக வரிசை கட்டினார்கள். பெரிய பிஸ்கட் தகரத்தின் மூடியில் துளை போட்டு, நூல் சுற்றி அரக்கு வைத்தோம். மூன்று வேட்பாளர்களுக்கும் சின்னம்: கொழுந்துக் கூடை, குத்துவிளக்கு, குடை. கட்சிச் சின்னங்களை நினைவூட்டும் எதுவும் வேண்டாம் என்று தேர்வு செய்தவை. ஓட்டுப் போடும் மறைவுக்குப் பள்ளிக் கரும்பலகையைத் திருப்பி நிறுத்தியிருந்தோம். அதன்மேல் யாரோ முந்தின வெள்ளிக்கிழமை எழுதிய திருக்குறள் அழியாமல் இருந்தது; துடைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

எண்பதை நெருங்கிய ஒரு பாட்டி, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், சீட்டை வாங்கிக்கொண்டு உடனே உள்ளே போகாமல் நின்றார். அவருடைய அப்பா 1947 தேர்தலில் இலங்கையில் ஓட்டுப் போட்டவர். 1948 குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து 1949-இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தோட்ட மக்களில் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. "எங்கப்பாருக்கு அங்க ஓட்டு இருந்திச்சு வாத்தியாரே, புடுங்கிட்டாங்க. இங்க வந்து சர்க்காருக்கு எத்தனையோ தரம் போட்டுட்டேன். ஆத்தா கோயிலுக்கு இப்பத்தான் போடுறேன்" என்றார். பேத்தி சிரித்தாள். அவளுக்கு 22 வயது, எட்டு மாதம் வீடு வீடாகப் போனவர்களில் ஒருத்தி. அவள் வீட்டின் பெண் ஓட்டு பாட்டிக்குப் போய்விட்டதால் அவளுக்கு ஓட்டு இல்லை.

217 ஓட்டுகளில் 203 பதிவாயின. கூடைக்கு 96, விளக்குக்கு 71, குடைக்கு 31, செல்லாதவை 5. கூடைச் சின்னத்தில் வென்றவர் காய்கறி லாரி ஓட்டும் நடுவயதுக்காரர். எந்தத் தரப்பிலும் முன்னால் நின்றதில்லை. விளக்கு இளைஞர்களின் வேட்பாளர். குடை, பெரியவரின் பேரன். தாத்தாவின் மனம் நோகக் கூடாது என்று நின்றவர், முடிவு தெரிந்ததும் முகம் தெளிந்து எல்லோருக்கும் டீ சொன்னார்.

பின்பு நடந்தவை

தைப்பூசத்தன்று பெரியவர் தாம்பூலத் தட்டில் சாவியை வைத்துக் கொண்டுவந்தார். உள்ளங்கை நீள இரும்புச் சாவி, தலைப்பில் சிவப்பு நூல். புதுத் தலைவர் குனிந்து வாங்கிக்கொண்டார். ஒரு வாரத்தில் சிக்கல் வந்தது: பூட்டு குடும்பச் சொத்து, இலங்கையிலிருந்து தன் அப்பா கொண்டுவந்தது, அதைத் திருப்பித் தர வேண்டும் என்று பெரியவர் சொல்லியனுப்பினார். இரண்டு பக்க விதியில் பூட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. கோத்தகிரிக் கடைவீதியில் புதுப் பூட்டு வாங்கிப் போட்டு, பழைய பூட்டைச் சாவியோடு அதே தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். சாவி கைமாறிய நாளை விடப் பூட்டு திரும்பிய நாள்தான் அந்த வீட்டின் இறுக்கத்தைத் தளர்த்தியது என்று நினைக்கிறேன்.

முதல் ஆடியில் கணக்கு வாசிக்கப்பட்டது. 2009 தடுப்புச்சுவரின் கணக்கு வாசிக்கப்படவில்லை; அதைத் தோண்ட வேண்டாம் என்று புதுத் தலைவரே முடிவெடுத்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அந்த ஆண்டே வரிப்பணத்தில் சுவரின் மீதியைக் கட்டி முடித்தார். சிமெண்டு மூட்டைக்கு மூட்டை ரசீது ஒட்டினார். 2020-இலும் 2021-இலும் திருவிழா இல்லை. ஊரடங்கில் அரிசியும் பருப்பும் பங்கிட வாக்காளர் பட்டியலே கைகொடுத்தது, எந்த வீடும் விடுபடவில்லை.

பதவிக்காலம் மூன்றாண்டு, 2022 ஜனவரியோடு முடிய வேண்டும். அந்த பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். தலைவர் ஒரு வார்டு வேட்பாளரின் பிரச்சாரத்தில் கட்சித் துண்டு போட்டு நடந்தார். கோயில் ஒலிபெருக்கியும் அந்த ஜீப்பில் ஏறியது. பதவிக்காலத்தையும் 'தேர்தல் முடியட்டும்' என்று தானே நீட்டிக்கொண்டார். கேள்வி கேட்டவர்களுக்கு எங்கள் விதியில் காட்ட ஒரு வரிகூட இல்லை. பேரூராட்சித் தலைவரை இம்முறை வார்டு உறுப்பினர்களே தேர்ந்தெடுத்ததால் ஒவ்வொரு வார்டு இடத்துக்கும் விலை ஏறியிருந்தது. அந்தச் சூடு சரிவு வரைக்கும் இறங்கியது. மே மாதம்தான் இரண்டாவது தேர்தல் நடந்தது. 161 பேர் போட்டார்கள். லாரி ஓட்டுநர் நிற்கவில்லை. முன்பு விளக்குச் சின்னத்தில் தோற்ற இளைஞர் வென்றார். அரை வரி வீடொன்றைச் சேர்ந்த பெண் பொருளாளர் ஆனார். நோட்டு இப்போது இரண்டு. ஒன்று அவரிடம், ஒன்று பள்ளி பீரோவில்.

மறுபடி செய்தால் மாற்றுபவை

வீட்டுக்கு இரண்டு ஓட்டு என்ற சமரசத்தை இனி ஏற்க மாட்டேன். பிரச்சாரம் செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், கல்யாணமாகாமல் பெற்றோர் வீட்டில் இருந்ததால், ஓட்டு இல்லாமல் நின்றார்கள். இரண்டாவது தேர்தலில் வருகை குறைந்ததற்கு அந்தச் சலிப்பும் ஒரு காரணம். ஆள் பலம் உள்ள வீடுகளைப் பற்றிய அச்சத்துக்கு, ஒரே வீட்டிலிருந்து தலைவரும் பொருளாளரும் வரக் கூடாது என்ற ஒரு வரி போதுமாக இருந்திருக்கும்.

பதவியில் இருப்பவரை இடையில் நீக்குவது எப்படி, காலம் முடிந்த அன்று சாவி யாரிடம் போகும் என்ற இரண்டையும் எழுதாமல் விட்டது என் பிழை. ஒரு குடும்பத்திடமிருந்து பதவியை எடுப்பதிலேயே ஒன்றரை ஆண்டு கவனம் போனதால், தேர்ந்தெடுக்கப்பட்டவரிடமிருந்தும் எடுக்க வேண்டி வரலாம் என்று தோன்றவில்லை. இப்போது மூன்றில் ஒரு பங்கு வீடுகள் எழுதிக் கேட்டால் முப்பது நாளில் கூட்டம் என்ற விதி சேர்ந்திருக்கிறது. பதவிக்காலம் முடிந்த மறுநாள் சாவி பள்ளித் தலைமையாசிரியரிடம் போய்விடும்.

பரிவட்டத்தை 'பெரியவர் உயிரோடு இருக்கும்வரை' என்று எழுதினோமே தவிர, அதற்குப் பிறகு என்ன என்பதை எழுதவில்லை. எழுதியிருந்தால் அவர் முன்னிலையில் அவருடைய சாவைப் பேச வேண்டியிருந்திருக்கும், கூச்சப்பட்டு விட்டுவிட்டோம். பார்படோஸ் தீவில் 2021 நவம்பர் 30 அன்று குடியரசு பிறந்தபோது, அரசியின் பிரதிநிதியாக இருந்த தலைமை ஆளுநரையே முன்கூட்டி நாடாளுமன்றத்தில் முதல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்து, பழைய மரியாதையும் புதிய பதவியும் ஒரே கையில் சேரும்படி பார்த்துக்கொண்டார்கள். அந்த வழி எங்களுக்குத் திறந்திருக்கவில்லை. வேறொரு வழியையாவது நேரத்தில் யோசித்திருக்கலாம்.

பெரியவர் 2021 ஆவணியில் காலமானார். பேரன் திருப்பூரிலேயே இருக்கிறார். பரிவட்டம் தனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவருக்குக் கட்டலாம் என்று சிலர், அது பதவியோடு சேரக் கூடாது என்று சிலர். 2022 வைகாசியில் நடந்த திருவிழாவில், இரண்டு தரப்பும் பார்த்துக்கொண்டிருக்க, பூசாரி அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, வாசலில் நட்டிருந்த சூலத்தில் கட்டினார். அடுத்த கூட்டத்துக்கு ஒரு வரி எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இன்னும் எழுதவில்லை.